பெட்ரோல் டேங்க் சொட்டை: இழுப்பதா, நெம்புவதா, பட்டி போடுவதா?

பைக் சாய்ந்து ஹேண்டில் இடித்து டேங்கில் விழும் சொட்டையை வீட்டிலேயே எடுக்க ஏழெட்டு வழிகள் சொல்கிறார்கள். ஹாட் குளூ வைத்து இழுப்பது, மூடி வாய் வழியாகக் கம்பி விட்டு நெம்புவது, ரப்பர் கப், ஹேர் டிரையரும் குளிர் ஸ்பிரேயும், காற்றடித்து ஊதவைப்பது, ஸ்டட் வெல்டர், சால்டர் வைத்து இழுப்பது, கடைசியாகப் பட்டி, அதாவது பள்ளத்தில் பூசி நிரப்பும் பசை. இவற்றில் எது சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. டேங்கின் பெயிண்ட் காப்பாற்றத் தக்க நிலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பாதி வழிகள் உடனே கழிந்துவிடும். பெயிண்ட் முழுசாக இருந்தால் போட்டி குளூவுக்கும் கம்பிக்கும்தான். பெயிண்ட் வெடித்துவிட்டால் போட்டி ஸ்டட், சால்டர், பட்டி இவற்றுக்குள். வீட்டு வேலையில் டேங்க் கெடுவதும் இந்த இடத்தில் தடுமாறுவதால்தான்: காப்பாற்றியிருக்கக்கூடிய கம்பெனிப் பெயிண்டைத் தேய்த்துவிட்டுப் பட்டி போடுவார்கள், இல்லையென்றால் ஏற்கெனவே வெடித்த பெயிண்டைக் காப்பாற்றப் பார்த்து, குளூவோடு சேர்த்து உரித்தெடுப்பார்கள்.

சொட்டையைப் படிப்பது

டேங்கைக் கழுவித் துடைத்துவிட்டு, நீளமான டியூப் லைட்டின் பிரதிபலிப்பு சொட்டைக்குக் குறுக்கே ஓடும்படி நின்று பாருங்கள். நல்ல தகட்டில் அந்த வெள்ளைக் கோடு சீராகப் போகும். சொட்டைக்குள் நுழைந்ததும் வளைந்து ஒடுங்கும். அதற்குச் சற்று முன்னால், சொட்டையின் விளிம்பில், கோடு எதிர்ப்பக்கமாக ஒரு சின்ன நெளிவு காட்டும். அந்த நெளிவுதான் மேடு. தகடு உள்ளே போனபோது சுற்றிலும் எழும்பி நின்ற வளையம். பள்ளத்தை மட்டும் பார்ப்பவர் இதைக் கவனிப்பதில்லை. மேடு இறங்காமல் பள்ளம் ஏறாது. கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் மெல்லிய பருத்தித் துணியைத் தகட்டின் மேல் விரித்து அதன்மேல் விரல்களை ஓட்டினால் கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்துப் பள்ளத்தின் அடி. வழவழவென்று உருண்டிருந்தால் தகடு வளைந்திருக்கிறது, அதிகம் நீளவில்லை. கூரான முனையோ கோடோ விழுந்திருந்தால் அந்த இடத்தில் தகடு நீண்டு மெலிந்திருக்கிறது. நீண்ட தகட்டை எந்த வழியில் வெளியே கொண்டுவந்தாலும் அது உட்கார இடம் போதாது. மேடாகத் துருத்தும், அல்லது விரலால் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய் மறுபடி வெளியே வரும். பெரும்பாலான இரும்பு டேங்குகளின் தகடு 0.8 முதல் 1 மி.மீ. தடிமன்தான். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்துக்கொண்டிருக்க முடியாது.

பெயிண்டைப் பார்க்க டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் பெயிண்டைக் காப்பாற்றும் வழிகளை மறந்துவிடலாம். அந்த வெடிப்பின் ஓரத்தில்தான் குளூ பெயிண்டைப் பிடித்து உரிக்கும். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி டேங்க் முழுக்க ஓட்டிப் பாருங்கள். நன்றாகப் பிடித்துவந்த காந்தம் ஓரிடத்தில் மட்டும் தளர்ந்தால் அங்கே முன்பே யாரோ பட்டி போட்டிருக்கிறார்கள். பட்டியின் மேல் எதை ஒட்டி இழுத்தாலும் பட்டிதான் கையோடு வரும். காந்தம் எங்குமே ஒட்டவில்லை என்றால் அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும். இன்னொன்று: நிறைய பைக்குகளில் வெளியே தெரிவது பிளாஸ்டிக் மேலுறைதான், உண்மையான டேங்க் அதற்குள்ளே இருக்கும். அப்படியானால் இந்த அலசலே தேவையில்லை. உறையைக் கழற்றி வெந்நீரில் இளக்கி, பின்னாலிருந்து கையால் தள்ளினால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

பெட்ரோல்: எல்லா வழிக்கும் பொது

காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடமில்லை. காலி டேங்கில் இருப்பதெல்லாம் ஆவிதான். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அருகிலேயே எரியக்கூடிய ஆவியை விடும் என்பதால் குளிர்ந்த அறை என்பது பாதுகாப்பு ஆகாது. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து மூலையில் கிடக்கும் ஸ்விட்ச் வரை போகும்.

வெல்டிங் என்றால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். கவனம் தப்புவது ஹேர் டிரையரிலும் ஹீட் கன்னிலும்தான். இரண்டுக்குள்ளும் பழுக்கக் காய்ந்த கம்பிச்சுருள் இருக்கிறது, மோட்டாரில் தீப்பொறியும் வரும். மூடி திறந்த டேங்கின் பக்கத்தில் அதை ஓட்டுவது அடுப்பைப் பற்றவைப்பதற்குச் சமம். ஆகவே எந்த வழியானாலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, டேங்கை வண்டியிலிருந்து இறக்கி, பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரியைத் தொடுவதற்கு முன்பே பம்பின் ஒயர் இணைப்பை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் மிஞ்சிய அழுத்தம் முகத்தில் பீய்ச்சும். பம்பையும் மிதவையையும் கழற்றி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது ரப்பர் வளையம் புதிதாக இருக்க வேண்டும், போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

பிறகு வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு மூன்று நான்கு தடவை குலுக்கி ஊற்றுங்கள். பழைய டேங்கின் மூலைகளில் காய்ந்து ஒட்டிய பெட்ரோல் பிசின் இருக்கும். கழுவியதும் வாசனை போய்விட்டதாகத் தோன்றும்; சூடு பட்டதும் மறுபடி ஆவி விடும். அதனால் சூடு படும் வேலை எதுவானாலும் டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்து, அரை லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுக் குலுக்கி ஊற்றி, வெயிலில் வாய் திறந்து உலர்த்துங்கள். அன்றே உலராத இரும்பு டேங்கில் மறுநாள் காலையிலேயே செந்துரு படர்ந்திருக்கும்.

ஹாட் குளூ

பெயிண்ட் நன்றாக இருக்கும் டேங்குக்கு முதலில் முயல வேண்டியது இதுதான். நம் தீர்ப்பு இதன் பக்கம் சாய்வதற்குக் காரணம் எளிது: தோற்றாலும் பெரும்பாலும் நஷ்டம் இல்லை. கம்பி வழி தோற்றால் வெளியே பரு பருவாக நிற்கும். பட்டி தோற்றால் எல்லாவற்றையும் தேய்த்தெடுக்க வேண்டும். குளூ தோற்றால் ஆல்கஹால் விட்டுத் துடைத்துவிட்டு அடுத்த வழிக்குப் போகலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. ஏற்கெனவே மறுபெயிண்ட் அடித்த டேங்கில், அடியில் சரியாக உப்புத்தாள் போடாமல் அடித்திருந்தால், குளூ அந்தப் பெயிண்டை வட்டமாகப் பெயர்த்துக்கொண்டு வரும். வார்னிஷுக்கு மேலே ஒட்டிய ஸ்டிக்கர் என்றால் ஸ்டிக்கரும் போகும்.

வேண்டியவை: 15 முதல் 30 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் பிடிகள், சொட்டை எடுப்பதற்கென்றே விற்கும் குளூ குச்சி, குளூ கன், சின்ன ஸ்லைடு ஹேமர் (தண்டில் ஓடும் எடையைப் பின்னுக்கு இடித்து இழுக்கும் கருவி), நைலான் முனையுள்ள தட்டுக்கோல், லேசான சுத்தியல். பாலம் வடிவில் இரண்டு கால் ஊன்றித் திருகி இழுக்கும் கருவி கார்க் கதவுக்குச் சரி. டேங்கின் வளைவில் அதன் கால்கள் வழுக்கும், ஊன்றிய இடத்தில் தடம் விழும். அது பயன்படும் ஒரே இடம், கால்கள் சரியாக மேட்டு வளையத்தின் மேல் உட்கார்ந்து, பள்ளம் ஏறும்போதே மேட்டை அழுத்திப் பிடிக்கும்போது. ஸ்லைடு ஹேமர் எந்த வளைவிலும் நிற்கும்.

தகடு குளிர்ந்திருந்தால் குளூ பிடிக்காது. 30 முதல் 40 டிகிரி வரை கைக்கு இதமான சூடு வேண்டும். டேங்கின் மேல் ஹீட் கன்னைக் காட்டுவதைவிட, டேங்குக்குள் 40 டிகிரி வெந்நீரை நிரப்பிவிடுவது நல்ல வழி: சூடும் சீராக இருக்கும், ஆவியும் இருக்காது. பத்து லிட்டர் தண்ணீரின் எடை ஒவ்வொரு இழுப்பிலும் டேங்கைத் துள்ளாமல் பிடித்தும் வைக்கும். மூடியை மட்டும் திறந்து வையுங்கள்.

தகட்டை ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்து மெழுகு, பாலிஷ் எல்லாம் போக்குங்கள். பிடியின் அடியில் குளூவை 2 முதல் 3 மி.மீ. உயரத்துக்கு வைத்து, பள்ளத்தின் ஆழமான இடத்தில் உட்கார வையுங்கள். குளூ முழுதும் பிதுங்கி வெளியே வரும்படி அழுத்தக் கூடாது. பிடிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மெத்தை மிஞ்ச வேண்டும். குளூவின் வகையையும் அறைச் சூட்டையும் பொறுத்து அரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை ஆறவிடுங்கள். விரலால் தொட்டால் வெதுவெதுப்பு போயிருக்க வேண்டும், கல்லாக இறுகியிருக்கக் கூடாது. பிறகு ஸ்லைடு ஹேமரை மாட்டி, நேர் செங்குத்தாக, சிறு சிறு அடியாக இழுங்கள். ஒரே இழுப்பில் வரவழைக்கப் பார்ப்பவருக்கு நடுவில் ஒரு பரு எழும், பள்ளம் சுற்றிலும் அப்படியே கிடக்கும். பத்து இருபது முறை ஒட்டி இழுப்பது சாதாரணம்.

இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை டியூப் லைட் கோட்டைப் பாருங்கள். மேட்டு வளையத்தை நைலான் கோலால் மெல்லத் தட்டி இறக்குங்கள். மணிக்கட்டு மட்டும் அசையும் தட்டு, சுத்தியலின் எடையே போதும். இழுப்பதும் தட்டுவதும் மாறி மாறி நடக்க வேண்டும். நடுப்பகுதி மட்டத்தைவிட ஒரு மயிரிழை மேலே வந்தால் நல்லது. மேட்டைத் தட்டி இறக்குவது எளிது, மீந்த பள்ளத்தை ஏற்றுவதுதான் பாடு. மினுக்கமில்லாத மேட் பெயிண்ட் டேங்கில் தட்டிய இடமெல்லாம் பளபளத்து நிற்கும், அதற்குப் பரிகாரம் இல்லை. அங்கே தட்டாமல் இழுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே தவறுகிறது என்பதைக் கழன்ற குளூவே சொல்லும். குளூ முழுதும் பிடியோடு வந்து தகடு சுத்தமாக இருந்தால் தகடு குளிர்ச்சி அல்லது மெழுகு மிச்சம். குளூ தகட்டில் தங்கிப் பிடி மட்டும் வந்தால் பிடியின் அடி வழுவழுப்பு. 180 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். குளூ நடுவில் கிழிந்து பாதி அங்கே பாதி இங்கே என்றால் இன்னும் ஆறவில்லை. மிஞ்சிய குளூவை நகத்தாலோ பிளேடாலோ நெம்பாதீர்கள். ஓரத்தில் ஆல்கஹாலை விட்டுச் சில நொடிகள் காத்திருந்தால் தானே விடும்.

எது வராது? கிளட்ச் லீவர் முனை குத்தி விழுந்த, சுண்டுவிரல் நுனி அளவுள்ள கூரான பள்ளம். குளூ அதைக் குறைக்கும், மறைக்காது. டேங்கின் உடல் கோட்டில், அதாவது மடிப்பாக வளைந்த விளிம்பில் விழுந்ததும் அப்படித்தான்.

உள்ளிருந்து கம்பி

கை எட்டினால் கம்பிதான் மிகச் சுத்தமான வேலை. வெளியே எதுவும் ஒட்டுவதில்லை, விசை சரியாகத் தேவையான புள்ளியில் விழும், கூரான பள்ளத்திலும் குளூவைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் பைக் டேங்க் என்பது எட்டாத கையைக் கேலி செய்வதற்கென்றே செய்த பாத்திரம். மூடி வாய் 4 செ.மீ. விட்டத்துக்குள் ஒரு கம்பியை மட்டும் விடும். வாய்க்குக் கீழே சில டேங்குகளில் கழுத்துத் தகடு தொங்கும், பக்கத்தில் மழைநீர் வடியும் மெல்லிய குழாய் மேலிருந்து கீழே போகும். அதில் கம்பி மோதிக் குழாய் விரிசல் விட்டால் பெட்ரோல் சத்தமில்லாமல் இன்ஜின் மேல் ஒழுகும். நடுவில் வண்டிச் சட்டம் போக விட்ட உள்தகடு இரண்டு பக்கத்தையும் தனித்தனி அறையாக்கிவிடுகிறது. பக்கவாட்டின் கீழ்ப்பாதிச் சொட்டைக்குக் கம்பி வளைந்து போயாக வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பம்பைக் கழற்றினால் அடியில் கை விரல்கள் நுழையும் அளவு வட்டத் துளை கிடைக்கும். கார்புரேட்டர் வண்டியில் மூடி வாய்தான் கதி.

6 முதல் 8 மி.மீ. தடிமன் எஃகுக் கம்பி வேண்டும். மெலிந்த கம்பி தானே வளைந்து விசையைத் தின்றுவிடும். முனையை உருட்டி வழவழப்பாக்கி, இரண்டு சுற்று துணி டேப் ஒட்டுங்கள். வாய் விளிம்புக்கு ரப்பர் குழாய்த் துண்டைப் பிளந்து மாட்டுங்கள், கம்பி அதன் மேல் நெம்புகோலாக நிற்கும். அந்த ரப்பர் இல்லாவிட்டால் மூடி உட்காரும் விளிம்பு நசுங்கி, பிறகு மூடியே இறுகாது. கம்பி முனை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மெல்லத் தள்ளிப் பாருங்கள். பிரதிபலிப்புக் கோட்டில் எங்கே புள்ளி அசைகிறதோ அங்கே இருக்கிறது. பள்ளத்தின் நடுவிலிருந்து தொடங்காதீர்கள். வெளி ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வாருங்கள், ஒவ்வொரு அழுத்தமும் முந்தையதற்கு 3 மி.மீ. தள்ளி. கண் கோட்டில் இருக்கட்டும், கையில் வேண்டாம்.

கம்பியின் பெரிய குறை வெளியே தெரியாது. டேங்கின் உட்புறத் துருத்தடுப்புப் பூச்சு கம்பி உரசிய இடமெல்லாம் போய்விடும், அங்கே துரு பிடித்து ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். உள்ளே எபாக்ஸி பூச்சு போட்ட பழைய டேங்கில் கம்பி விடவே கூடாது. பூச்சு செதில் செதிலாக உரியும், அதை எடுப்பது சொட்டையைவிடப் பெரிய வேலை.

எட்டும் இடமா, கூரான பள்ளமா: கம்பி. எட்டாத இடமா, அகலமான மென்பள்ளமா: குளூ. இரண்டையும் சேர்ப்பதில் தவறில்லை. குளூவால் பெரும்பகுதியை ஏற்றிவிட்டு மீந்த நடுப்புள்ளியைக் கம்பியால் முடிப்பது கைதேர்ந்தவர்கள் செய்வதுதான்.

ரப்பர் கப், சூடும் குளிரும்

ரப்பர் கப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கப்பைவிடப் பள்ளம் அகலமாக இருந்து, தகடு ஏறக்குறைய தட்டையாக இருந்தால் மட்டுமே அது பிடிக்கும். டேங்கில் அப்படிப்பட்ட இடம் அபூர்வம்.

சூடாக்கிக் குளிர் ஸ்பிரே அடித்தால் டொக்கென்று வெளியே வரும் என்று காட்டும் வீடியோக்களில் இருப்பது அகலமான, நீளாத, ஏற்கெனவே வெளியே வரத் துடித்துக்கொண்டிருக்கும் தகடு. அதைக் கட்டைவிரலால் தட்டினாலும் வரும். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.012 மி.மீ. நீளும். 10 செ.மீ. அகலப் பள்ளத்தை 80 டிகிரி சூடேற்றினால் கிடைப்பது ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு. வளைந்து உறைந்துபோன தகட்டை அது அசைக்காது. தூசு ஊதும் டப்பாக்களைக் கவிழ்த்து அடிப்பது இன்னும் மோசம். பலவற்றின் உள்ளே இருக்கும் வாயு எரியக்கூடியது, பக்கத்தில் ஹீட் கன் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயிண்டும் வெடிக்கும்.

காற்றடிப்பது

எல்லாத் துளைகளையும் அடைத்துக் கம்ப்ரஸரால் ஊதினால் சொட்டை வெளியே வரும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 பார் அழுத்தம் என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 10 நியூட்டன். டேங்கின் ஒரு பக்கம் 30க்கு 20 செ.மீ. என்றால் 600 சதுர செ.மீ., அதன் மேல் 6,000 நியூட்டன்; 600 கிலோ எடை உட்கார்ந்ததற்குச் சமம். காற்றுக்குச் சொட்டை எது, நல்ல தகடு எது என்று தெரியாது. சொட்டை விழுந்த இடம் வளைந்து இறுகி உறுதியாகியிருக்கும். முதலில் ஊதிப் பருப்பது தட்டையான பக்கங்களும் அடியில் இருக்கும் சட்டத் தகடும்தான். சட்டத் தகடு பருத்தால் டேங்க் மறுபடி வண்டியில் உட்காராது. அதற்கும் மேலே போனால் வெல்டிங் ஓரம் பிளக்கும், அடைப்பு துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். தண்ணீர் நிரப்பி உறையவைக்கும் யோசனையும் இதே குடும்பம். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பருக்கும், எங்கே பருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. இரண்டையும் செய்யாதீர்கள்.

பெயிண்ட் போன டேங்க்: ஸ்டட்டா, சால்டரா?

பெயிண்ட் எப்படியும் புதிதாக அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் தகட்டை நேரடியாகப் பிடித்து இழுக்கலாம். ஸ்டட் வெல்டர் 2 அல்லது 2.5 மி.மீ. செம்பு பூசிய ஆணியை ஒரு நொடிக்குள் தகட்டில் ஒட்டும், ஸ்லைடு ஹேமரால் இழுக்கலாம், முறுக்கி ஒடித்து மிச்சத்தைத் தேய்க்கலாம். பிடிப்பு குளூவைவிடப் பல மடங்கு அதிகம். ஆழமான, மடிப்பு விழுந்த சொட்டைக்கும் ஈடுகொடுக்கும். மடிப்பு என்றால் அதன் நீளத்துக்கு 8 முதல் 10 மி.மீ. இடைவெளியில் ஆணிகளை வரிசையாக ஒட்டி, இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவுக்கு இழுத்து வர வேண்டும்.

ஆனால் டேங்குக்கு இது கார்க் கதவு மாதிரி கவலையில்லாத வேலை இல்லை. ஒவ்வொரு ஆணிக்கும் பின்னால், டேங்கின் உள்ளே, ஒரு கருகிய வட்டம் விழும். அங்கே துருத்தடுப்பு போய்விட்டது என்று பொருள். கரண்ட் கூடுதலாக வைத்தால் 0.8 மி.மீ. தகட்டில் ஊசித்துளை விழும். மெலிந்த இடத்தில் வலுவாக இழுத்தால் ஆணி தகட்டின் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். அதோடு இது சூடும் பொறியும் சேர்ந்த வேலை. தண்ணீர் நிரப்பாத டேங்கில் தொடவே கூடாது.

சால்டர் வழி பழையது, மெதுவானது, டேங்குக்கு இதமானது. பள்ளத்தின் நடுவில் 3 செ.மீ. வட்டத்துக்குப் பெயிண்டை இரும்பு வரை சுரண்டி, 80 எண் தாளால் பளிச்சென்று தேய்த்து, ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவி, 60/40 ஈயத்தை (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) படரவிட்டு, அதன்மேல் ஈயம் பூசிய பித்தளை வாஷரையோ நட்டையோ உட்கார வைத்து ஆறவிடுங்கள். நட்டில் போல்ட்டைத் திருகி ஸ்லைடு ஹேமரை மாட்டினால் இழுக்கலாம். இந்த ஈயம் 183 டிகிரிக்கும் 190க்கும் இடையில் உருகும், எஃகுக்கு அது சூடே அல்ல, உள்ளே கருகல் விழாது. டார்ச் சுடர் வேண்டாம். 150 வாட்டுக்கு மேல் உள்ள கனமான சால்டரிங் அயர்ன் போதும். சொட்டை மேலே பார்க்கும்படி டேங்கைச் சாய்த்து, தகட்டுக்கு ஒரு செ.மீ. கீழே வரை தண்ணீர் விடுங்கள். தண்ணீர் தகட்டைத் தொட்டால் சூட்டை எல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும், ஈயம் ஓடாது. அந்த ஒரு செ.மீ. காற்றுக்காகத்தான் முன்பே வெந்நீரில் அத்தனை முறை கழுவியது.

இழுவை நேர் மேலே இருக்கட்டும், சாய்த்து இழுத்தால் ஈயம் ஓரத்திலிருந்து உரியும். முடிந்ததும் ஈயத்தை உருக்கித் துணியால் வழித்துவிடுங்கள். அமில ஃபிளக்ஸ் மிஞ்சினால் புதுப் பெயிண்டுக்கு அடியில் துரு கொப்புளிக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்துங்கள். அலுமினிய டேங்கில் இந்த வழி நடக்காது, சாதாரண ஈயம் அதில் ஒட்டாது.

ஸ்டட் வெல்டர் ஏற்கெனவே கையில் இருந்து, டேங்கின் அடிப்பக்கம் துருப்பிடிக்காத நல்ல தகடாக இருந்தால் அதையே எடுங்கள். ஒரு சொட்டைக்காக வாங்குவதென்றால் சால்டரே மேல்.

பட்டி

பட்டியைக் கேவலமாகப் பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது. மெலிதாகப் போட்ட பட்டி பல வருடம் நிற்கும். கெட்ட பெயர் வந்தது இழுக்காமலே பள்ளத்தை நிரப்புவதால். தேய்த்து முடித்த பிறகு எந்த இடத்திலும் 3 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. டேங்க் நாள்தோறும் வெயிலில் காய்ந்து இரவில் ஆறுகிறது, இன்ஜின் சூடும் அதிர்வும் சேர்கின்றன. தடித்த பட்டி தகட்டோடு ஒத்து நீளாமல் ஓரத்தில் கீறல் விடும். ஆகவே 8 மி.மீ. ஆழச் சொட்டை என்றால் முதலில் மேலே சொன்ன ஏதாவது ஒரு வழியில் 2 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள்.

சொட்டையைச் சுற்றி 5 செ.மீ. தாண்டியும் பெயிண்டை எடுத்து, தகட்டை 80 எண் தாளால் சொரசொரப்பாக்குங்கள். வழவழத் தகட்டில் பட்டி பிடிக்காது. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர். கூடினால் காய்ந்த பிறகு நிறம் கசிந்து மேல் பெயிண்டில் கறையாகத் தெரியும், ஊசித்துளைகளும் வரும். குறைந்தால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும், உப்புத்தாளை அடைக்கும். கரண்டியால் அடித்துக் கலக்காமல், தட்டில் மடித்து மடித்து அழுத்திக் கலந்தால் காற்றுக்குமிழ் புகாது. 25 டிகிரி அறையில் கையில் நாலைந்து நிமிடம்தான் இருக்கிறது. முதல் பூச்சை மிக மெலிதாக, அழுத்தித் தேய்த்துப் பூசுங்கள், பிடிப்பு அதில்தான். இரண்டாவது பூச்சு வடிவத்துக்கு.

அரை மணி கழித்து 80 எண் தாள், பிறகு 180, பிறகு 320. டேங்கின் வளைவில் விறைப்பான கட்டை குழி பறிக்கும், வெறும் விரல் பள்ளம் போடும். வளையும் ரப்பர் கட்டையில் தாளைச் சுற்றிக் குறுக்கு மறுக்காகத் தேய்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். பட்டி தண்ணீரைக் குடிக்கும், அது பின்னால் கொப்புளமாக எழும். கறுப்புப் பொடியோ வேறு நிற பெயிண்டையோ மெல்லத் தூவித் தேய்த்தால் பள்ளம் மிஞ்சிய இடம் கறுப்பாகவே நிற்கும், தேட வேண்டியதில்லை.

டேங்குக்கே உரிய சிக்கல் பெட்ரோல். மூடி வாயைச் சுற்றி 2 செ.மீ.க்குள் பட்டியின் ஓரம் வரக் கூடாது. நிரப்பும்போது வழியும் பெட்ரோல் அந்த ஓரத்தின் அடியில் புகுந்து, சில மாதத்தில் பட்டியைத் தூக்கிவிடும். மேலே அடிக்கும் வார்னிஷும் அப்படியே. ஹார்டனர் இல்லாத சாதாரண ஸ்பிரே டப்பா வார்னிஷ் எத்தனை மினுங்கினாலும் முதல் பெட்ரோல் துளியில் இளகும். ஹார்டனர் கலந்த 2கே, அதாவது இரண்டு பாகம் சேர்த்து அடிக்கும் கிளியர் கோட்டே வேண்டும். 2கே பிரைமர் இரண்டு மூன்று பூச்சு, 600 எண் தாளால் தேய்ப்பு, நிறம் இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே 10 முதல் 15 நிமிடம், பிறகு கிளியர் இரண்டு. 2கே ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் அதற்கு ஒன்றுமே இல்லை. வெளிக்காற்றுக் குழாய் உள்ள முகமூடி, கையுறை, கண்ணாடி இல்லாதவர் கிளியரை மட்டும் பெயிண்ட் பட்டறையில் கொடுத்து அடித்துவிடுவது புத்திசாலித்தனம். ஒரு வாரமாவது கழித்துப் பெட்ரோல் நிரப்புங்கள்.

நேர எதிர்ப்பார்ப்பையும் சொல்லிவிட வேண்டும். குளூ வேலை ஒரு மதியத்தில் முடியும். பட்டியும் பெயிண்டும் உலரும் நேரத்தோடு சேர்த்துக் குறைந்தது இரண்டு மூன்று நாள், பெட்ரோலுக்குக் காத்திருப்பது தனி.

அடித்தகட்டை வெட்டித் திறந்து, உள்ளிருந்து சுத்தியலால் அடித்து, மறுபடி மூடுவதும் ஒரு வழிதான். டிக் வெல்டிங் நன்றாகக் கைவந்தவருக்கு, கிடைக்காத பழைய டேங்குக்கு மட்டும்.

எந்தச் சொட்டைக்கு எது?

ஹேண்டில் இடித்து மேல்வளைவில் விழுந்த, எலுமிச்சம்பழ அளவுள்ள உருண்டைப் பள்ளம், பெயிண்ட் முழுசு: குளூ, நடுப்புள்ளி மிஞ்சினால் கம்பி. முழங்கால் படும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆழமில்லாத பள்ளம்: குளூவே போதும், பெரிய பிடி இரண்டை அருகருகே ஒட்டி மாறி மாறி இழுங்கள். லீவர் குத்திய கூரான புள்ளி, பெயிண்டில் கீறல்: சால்டர், ஒரு மி.மீ. பட்டி, பெயிண்ட். உடல் கோட்டில் மடிப்பு: ஸ்டட் வரிசை, பட்டி. அலுமினியம்: குளூ, இன்னும் சின்ன இழுப்புகளாக, அடிக்க அடிக்க அது இறுகிக்கொண்டே போகும், விட்டால் கொஞ்சம் திரும்பவும் போகும்.

வெல்டிங் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தூரத்துக்குள் விழுந்த சொட்டைக்கு மட்டும் தனி நடைமுறை. அங்கே இழுத்தால் ஓரமும் சேர்ந்து இழுபடும், மயிரிழைக் கசிவு தொடங்கும். இழுத்து முடித்ததும், பட்டியோ பெயிண்டோ படுவதற்கு முன், டேங்கை உலர்த்தி, ஓரத்தின் வெளிப்பக்கம் நெடுகச் சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். ஓரம் கீழே இருக்கும்படி டேங்கை நிறுத்தி, உள்ளே அரை லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி, சில மணி நேரம் விடுங்கள். தண்ணீர் புகாத விரிசலிலும் மண்ணெண்ணெய் ஊறி வரும். வெள்ளைத் தூளில் மங்கிய ஈரக் கறையாகத் தெரியும். கறை எழுந்த இடத்தைப் பேனாவால் குறித்து, டேங்கை வெந்நீரில் கழுவி, வெல்டிங் பட்டறைக்கு அனுப்புங்கள். பட்டியும் பெயிண்டும் அங்கிருந்து வந்த பிறகு.